இலைக்கு ஊசி போட்ட வலிக்காதக்கா

அந்தப் பக்கத்தில் இன்று மீசை முளைத்துத் திரிகிற யாரைப் பிடித்துக் கேட்டாலும், சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்டது மறந்திருக்கும். போட்டவளை மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் மருத்துவமனையின் கோடி அறை. சுவரில் பாதி உயரம் வரைக்கும் பச்சைப் பெயின்ட். உள்ளே போகும்போது ஊரைக் கூட்டுகிற பிள்ளை, வெளியே வரும்போது "போட்டாச்சாம்மா?" என்று தாயைக் கேட்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. யாரோ ஒரு வாண்டு "அந்த வலிக்காத அக்காகிட்டயே போலாம்" என்று அடம்பிடித்த நாளிலிருந்து அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவள் வலிக்காதக்கா.

அதில் மாயமந்திரம் ஏதும் கிடையாது. பேச்சுக் கொடுப்பாள். "உங்க வீட்டுல யாரு சத்தமா குறட்டை விடுவாங்க, சொல்லு பாப்போம்" என்பாள். அப்பாவா, மாமாவா என்று பிள்ளை யோசிக்கிற இடைவெளியில் ஊசி போய்த் திரும்பியிருக்கும். பிறகு போட்ட இடத்தைக் கட்டைவிரலால் வட்டமாக ஒரு தேய். "ஒண்ணும் இல்லடா, முடிஞ்சு போச்சு." அவ்வளவுதான் அவள் வித்தை.

அந்த மருத்துவமனையை இன்னொரு பெரிய மருத்துவமனையோடு சேர்த்தபோது கோடி அறையை மூடினார்கள். அக்காவுக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், வீட்டுக்குப் போகும் வழி. வீட்டிலே, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் ஏற்கெனவே சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பவர் ஒருவர் என்றால் வீடு தாங்கும். இருவர் என்றால் சுவர் பேச ஆரம்பித்துவிடும். சமையலறை மேடையில் டப்பாக்களை அவர் ஒருமாதிரி அடுக்குவார், இவள் வேறுமாதிரி அடுக்குவாள். கடைசியில் மூடிகளைக் காணோம்.

அப்போதுதான் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் "கை நடுங்காத ஆள்" தேவை என்று பழைய மருத்துவமனைத் தோழி ஒருத்தி வந்து சொன்னாள்.

"எதுக்கு ஆளாம்?" என்றார் கணவர்.

"ஊசி போட."

"யாருக்கு?"

"செடிக்கு."

அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "நல்லதுதான். கத்தாது, கடிக்காது, அம்மாக்காரி வந்து சண்டைக்கு நிக்க மாட்டா" என்றார், இருமல் அடங்கியபின்.

வேலை என்னவோ உண்மையில் அதேதான். கண்ணாடிக் கூடத்தில் மேசை மேசையாகத் தொட்டிகள். தொட்டியில் புகையிலைக்குத் தங்கச்சி முறையாகிற ஒரு சின்னச் செடி, அகலமான மெத்தென்ற இலையோடு. சிரிஞ்சில் ஊசி முனை இருக்காது. இலையைத் திருப்பி, மேல்பக்கம் ஒரு விரலை அணை கொடுத்து, அடிப்பக்கத்தில் சிரிஞ்சின் மொட்டை வாயை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கலங்கல் நீர் இலையின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஏறும். துணியில் தண்ணீர் பரவுகிற மாதிரி இலை கருத்துக்கொண்டே போகும். பட்டம் வாங்கப் படிக்கிற பிள்ளைகள் அழுத்தினால் இலை கிழிந்தது, இல்லாவிட்டால் நீர் முகத்தில் பீய்ச்சியது. அக்கா முதல் நாளே ஒரு மேசையை ஒரு கிழிசல் இல்லாமல் முடித்தாள்.

எதற்காக இந்தக் கூத்து என்பதை ஆராய்ச்சிக் குழுவின் தலைவி விளக்கினார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அளந்து பேசுகிறவர், சிரித்தால் மட்டும் அளக்க மாட்டார். காட்டில் ஒரு கொடி இருக்கிறது. புற்றுக்கட்டிகளைக் கரைக்கும் மருந்து ஒன்றை அது தன் தண்டிலே கொஞ்சூண்டு செய்கிறது. ஒரு குப்பி மருந்துக்கு ஒரு சரிவையே மொட்டையடிக்க வேண்டும். அதனால் அந்தக் கொடி எப்படிச் செய்கிறதோ, அந்தக் கைப்பக்குவத்தை இந்தச் சின்னச் செடிக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

"கொடி அதை ஒரே மூச்சுல செய்யறதில்லக்கா. சாதாரணச் சத்து ஒண்ணுல ஆரம்பிக்கும். ஒரு என்சைம் வந்து ஒரு ஓரத்தை வெட்டும். அடுத்தது வளையமா மடிக்கும். அதுக்கடுத்தது ஒரு ஆக்சிஜனை ஒட்டும். முந்தினது தன் வேலையை முடிக்காம அடுத்தது தொடக்கூடத் தொடாது."

அக்கா தலையசைத்தாள். "எங்க ஆஸ்பத்திரி மாதிரிதான் மேடம். பதிவு அறையில சீட்டு வாங்காம ரத்தம் எடுக்க மாட்டான். ரத்தச் சீட்டு இல்லாம படம் எடுக்க மாட்டான். நடுவுல ஒருத்தன் லீவு போட்டா, அன்னைக்கு மொத்தக் கூட்டமும் அந்தக் கதவு முன்னாடிதான் நிக்கும்."

மேடம் அளக்காமல் சிரித்தார். "அதேதான். எங்களுக்கும் ஒரு அறை பூட்டிக் கிடக்கு. கடைசிக்கு முந்தின அறை. அந்த வேலையைச் செய்யற என்சைம் எதுன்னு தெரியல. அதைத்தான் தேடறோம்."

தேடுவது இப்படி. கொடியிலிருந்து சந்தேகப்பட்ட ஒவ்வொரு என்சைமுக்குமான மரபணுக் குறிப்பையும் ஒவ்வொரு பாக்டீரியாவில் ஏற்றி வைத்திருந்தார்கள். தெரிந்த படிகளுக்கான பாக்டீரியா எல்லாவற்றையும் கலந்து, அதோடு சந்தேக ஆசாமி ஒருவரைச் சேர்த்து இலைக்குள் ஏற்ற வேண்டும்; பாக்டீரியா தன் குறிப்பை இலைக்குள் இறக்கிவிடும், இலை அதன்படி என்சைமைச் செய்யும். சில நாள் கழித்து இலையை அரைத்து, மூலக்கூறின் எடை பார்க்கும் கருவிக்குக் கொடுத்தால், அது திரையில் ஒரு கோடு வரையும். மருந்து இருந்தால் குறிப்பிட்ட இடத்தில் கோடு மேடு கட்டும், இல்லையென்றால் தரைதான். கூடவே, சந்தேக ஆசாமி யாரையும் சேர்க்காத ஓர் இலையும் எப்போதும் உண்டு. அதை வெறும் இலை என்பார்கள். அதில் மேடு வரவே கூடாது. அறை பூட்டியிருந்தால் கூட்டம் எப்படி உள்ளே போகும்?

இதையெல்லாம் நடத்துகிறவன் தராசுத் தம்பி. ஆராய்ச்சி மாணவன். எதையும் இரண்டு தடவை நிறுக்காமல் நம்ப மாட்டான் என்பதால் அந்தப் பெயர். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனாலும் ரெண்டு தடவை போவான்" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். "மூணு தடவை. சராசரி எடுக்கணும்ல?" என்பான் முகத்தில் சலனமே இல்லாமல்.

அக்கா கைவைத்த முதல் தொகுதி கருவிக்குப் போன அன்று, தராசுத் தம்பி கண்ணாடிக் கூடத்துக்குள் செருப்பு மாற்ற மறந்து ஓடிவந்தான்.

"அக்கா! மேடு! மேடு வந்துடுச்சு!"

கூடமே ஆர்ப்பரித்தது. மேடம் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என்ன கை அக்கா இது!" அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டி வந்த எத்தனை பிள்ளைகளுக்கு இந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றியிருக்கிறாள், மருந்து வரவில்லை என்று எத்தனை தாய்மாரிடம் கதவருகே நின்று சொல்லியிருக்கிறாள். அந்த மருந்து ஓர் இலைக்குள், அவள் கை வழியாக!

அடுத்த இலையிலும் மேடு. அதற்கடுத்ததிலும். தராசுத் தம்பியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிற்று. கடைசியாக வெறும் இலையின் கோடு திரையில் ஊர்ந்து வந்தது. குறிப்பிட்ட இடம் வந்தது. கோடு எழுந்தது. மேடு.

பூட்டிய அறைக்குள் கூட்டம் நின்றுகொண்டிருந்தது; கதவைத் திறந்தது யாரென்று தெரியவில்லை.

"குழாய் கலந்துடுச்சு," என்றார் மேடம், வறண்ட குரலில். "மறுபடி."

புதுக் குழாய்கள், புதுக் கலங்கல், புதுச் செடிகள். அக்கா ஒவ்வொரு குழாயின் பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டே சிரிஞ்சில் எடுத்தாள். வெறும் இலையில் மறுபடி மேடு. அடுத்த தொகுதியைத் தராசுத் தம்பியே போட்டான். தரை. சுத்தமான, துடைத்துவைத்த தரை. அதற்கடுத்ததை அக்கா போட்டாள். மேடு.

அவள் கைப் பூச்சுக் களிம்பைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். அதில் ஒன்றுமில்லை. கையுறைப் பெட்டியையே மாற்றினார்கள். மேடு வருவது நிற்கவில்லை.

அப்புறம்தான் தராசுத் தம்பி அதைச் சொன்னான். நேராக அவளிடம் சொல்லவில்லை. மேடத்தின் அறையில், கதவு சரியாகச் சாத்தாமல். அக்கா தொட்டித் தட்டோடு வெளியே நின்றாள்.

"மேடம், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வெச்சிருக்கோமே சுத்த மருந்து, அந்தக் குப்பி இருக்கிற ஃப்ரிட்ஜுலதான் அக்கா குழாய்களை அடுக்கறாங்க. சாவி அவங்ககிட்டயும் இருக்கு. யாராவது ஒரு சொட்டு கலந்தா… வேற வழியே இல்ல மேடம்."

"எதுக்குக் கலக்கணும்?"

"நல்ல பேர் வாங்கலாம்னு இருக்கலாம். கை ராசின்னு நாமளே கொண்டாடினோமே. வெறும் இலைக்கும் சேர்த்துக் கலக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்காது."

தட்டைக் கீழே வைக்க வேண்டும் என்று கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் குரலில் விரோதம் இல்லை, அதுதான் குத்திற்று. கூட்டிக் கழித்துப் பார்த்து விடை சொல்கிற பிள்ளையின் குரல். அவளே அந்த இடத்தில் இருந்தால் அவளையேதான் சந்தேகப்பட்டிருப்பாள்.

மேடம் வெளியே வந்து அவளைப் பார்த்தார். இருவருக்கும் புரிந்துவிட்டது. "நாளைக்கு எல்லாருக்கும் முன்னாடி ஒரு தடவை போடுங்கக்கா," என்றார் மெதுவாக. "சாவியை மட்டும் இன்னைக்குக் குடுத்துட்டுப் போங்க. அதுலயும் மேடு வந்து, காரணம் தெரியலன்னா, நான் மேலிடத்துக்குச் சொல்லித்தான் ஆகணும்."

அக்கா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். வளையத்தில் வீட்டுச் சாவி ஒன்றுதான் மிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவர் முகத்தைப் பார்த்ததுமே வானொலியை அணைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேலி செய்கிற ஆள் கேலியை விட்டுவிட்டால் பயமாக இருக்கும்; அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீ கலந்தியா?"

"என்னங்க கேக்கறீங்க!"

"சரி. மடியில கனமில்ல. அப்புறம் வழியில என்ன பயம்?"

"மடியில கனமில்லைங்க. ஆனா கைல என்னமோ இருக்கு. எனக்கே தெரியாம. அந்தத் தம்பி போட்டா வர மாட்டேங்குது, நான் போட்டா வருது." கைகளை மேசை மேல் விரித்து வைத்துப் பார்த்தாள், யாருடைய கைகளோ மாதிரி. "இவ்ளோ வருஷம் பிள்ளைங்களுக்குப் போட்ட கை. இதுல என்ன இருந்துச்சு? அவங்களுக்குள்ளயும் என்ன போச்சு?"

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பாக்களை அன்றைக்கு அவள் அடுக்குகிற மாதிரியே அடுக்கிவைத்தார்.

மறுநாள் கண்ணாடிக் கூடத்தில் வேலை ஓடவில்லை. எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். கலங்கலை மேடமே எடுத்து வைத்தார். சிரிஞ்சை உறையிலிருந்து தராசுத் தம்பி பிரித்துக் கொடுத்தான். அக்காவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றச் சொன்னார்கள். வித்தைக்காரியைச் சோதிக்கிற மாதிரி. அவள் ஏற்றினாள். காதுமடல் எரிந்தது.

எதிரே தராசுத் தம்பி குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அவள் கையை மட்டுமே பார்த்தான்.

இலையைத் திருப்பினாள். அணை கொடுத்தாள். அழுத்தினாள். கருமை பரவிற்று. சிரிஞ்சை எடுத்தாள்.

"நில்லுங்க!"

எல்லாரும் துள்ளிவிட்டார்கள். தராசுத் தம்பியின் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஊசி போட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒண்ணும் பண்ணல."

"கட்டைவிரல்," என்றான். "உங்க கட்டைவிரலைப் பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் இலையின் நனைந்த இடத்தில் இருந்தது. அழுந்தி, ஒரு வட்டம் சுற்றி, இரண்டாவது வட்டத்தின் பாதியில் நின்றிருந்தது. யாரும் அதை அனுப்பவில்லை. தானாகப் போயிருந்தது. அதைவிட, அவள் வாய் ஏற்கெனவே "ஒண்ணும் இல்லடா" வரைக்கும் சொல்லி முடித்திருந்தது.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. விரலைச் சுட்டுக்கொண்டவள் போல இழுத்துக்கொண்டாள். "நான்… தேய்ச்சேனா? எல்லா இலையையுமா?"

மேடம் தன் மேல்கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாரும்தான் நாள் முழுக்க அவள் பக்கத்தில் வேலை பார்த்தார்கள். அவள் தேய்ப்பதை யாரும் பார்க்காமல் இல்லை. பார்த்தது மனதில் பதியவில்லை. ஊசி போட்டால் தேய்ப்பார்கள். எல்லாருடைய கையும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் தேய்க்கப்பட்டிருந்தது.

"இலையில லேசா பழுப்பு வட்டம் இருந்துச்சு," என்றான் தராசுத் தம்பி தனக்குள் பேசுகிறவன் போல. "சிரிஞ்ச் தடம்னு நெனச்சேன். ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் சிரிஞ்ச் தடம்னுதான் நெனச்சேன்."

உடனே சோதனையை மாற்றினார்கள். ஒரே வெறும் இலை, நடு நரம்புக்கு இந்தப் பக்கம் தேய்ப்பது, அந்தப் பக்கம் தேய்க்காமல் விடுவது. அக்கா போட்டது ஒரு மேசை, தராசுத் தம்பி போட்டது ஒரு மேசை. அவன் தேய்க்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். காத்திருந்த அந்தச் சில நாளும் சாவி மேடத்திடமே இருந்தது. அக்கா ஃப்ரிட்ஜ் பக்கம் போக வேண்டியிருந்தால் யாரையாவது கூப்பிட்டாள்.

கருவி கோடு வரைந்த அன்று எல்லாரும் திரைமுன் நின்றார்கள். தேய்க்காத பாதி: தரை. தேய்த்த பாதி: மேடு. தராசுத் தம்பி போட்டதில்: தேய்க்காதது தரை, தேய்த்தது மேடு.

மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பேயறைந்த முகம். "சுத்தமா எதிர்பாக்கல," என்றார். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, "சுத்தமா எதிர்பாக்கல."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்," என்றாள் அக்கா. "நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் சேர்க்கலக்கா. இலையை எழுப்பி விட்டீங்க. செடிக்கு ஓடத் தெரியாது, கத்தத் தெரியாது. ஏதாவது நசுக்கினா, புழு கடிக்குதுன்னு நெனச்சு, சும்மா தூங்கிட்டிருக்கிற என்சைம் எல்லாத்தையும் அவசர அவசரமா எழுப்பும், கசப்பா விஷமா எதையாவது செஞ்சு வெக்க. அப்படி எழுந்ததுல ஒண்ணு, நம்ம பூட்டின அறை வேலையையும் செய்யத் தெரிஞ்சதா இருக்கணும். ஆள் இல்லாத அறையில பக்கத்து வீட்டுக்காரன் வந்து உக்காந்து சீட்டுக் கிழிச்ச மாதிரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணு. நாம கொடியில தேடினோமே, அதை எல்லாம் குளிர்ச்சியா நிழல்ல வெச்சு, தண்ணி ஊத்தி, செல்லமா வளர்த்த கொடியிலேர்ந்து எடுத்தோம். அடிபடாத கொடியில அந்த என்சைம் தூங்கிட்டே இருந்திருக்கும். நாம தூங்கறவன் வீட்டுக் கதவைத் தட்டாமலே, ஆள் இல்லன்னு திரும்பிட்டோம்."

மற்றவர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கொடியை நசுக்கிப் பார்க்கலாம், கிள்ளிப் பார்க்கலாம், எழுந்து வருகிறவன் யாரென்று பிடிக்கலாம் என்று. அந்தச் சத்தத்தில் மேடம் சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

தராசுத் தம்பிதான் கதவோரமாகத் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, நான் அன்னைக்கு மேடம்கிட்ட சொன்னது…"

"கேட்டுச்சு."

"தெரியும். கதவிடுக்குல தட்டைப் பார்த்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எனக்கு ஒரு தடுப்பூசி பாக்கி இருக்கு. பயத்துல தள்ளிப் போட்டுட்டே இருக்கேன். நீங்களே போடறீங்களா?"

"போடறேன். ஆனா உனக்குத் தேய்க்க மாட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரித்தாளா இல்லையா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டான்.

ஆனால் அக்காவுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. கலந்தவள் என்ற பேர் போயிற்று, வேலை தப்பியது, எல்லாம் சரி. ஆறுதலுக்கென்று தேய்த்த தேய்ப்பு, இலைக்குப் புழுவாகப் போயிருக்கிறது. அத்தனை இலைகளும், "ஒண்ணும் இல்லடா" என்று அவள் சொல்லச் சொல்ல, உள்ளுக்குள் அலறியிருக்கின்றன. மருந்தே அந்த அலறல்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைக்கையை ஏற்றி மேல்கையை நீட்டினார். "இங்க தேய்."

"எதுக்குங்க?"

"தேய் சொல்றேன்." அவள் தேய்த்தாள், பழைய வட்டம். அவர் கண்ணை மூடி யோசிக்கிற பாவனை செய்தார். "நல்லாத்தான் இருக்கு. நான் இலை இல்ல. பிள்ளைங்களும் இலை இல்ல. போய் வேலையப் பாரு." கேலி திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் பெரிய தொகுதி. ஒவ்வொரு இலையிலும் ஒரு பாதி தேய்க்க வேண்டும், ஒரு பாதி கூடாது. தேய்க்கக் கூடாத பக்கத்தில் அவள் விரல் அடங்கவில்லை. எச்சரிக்கையாக இருந்தும், பேச்சுவாக்கில் அது கிளம்பிப் போய்விட்டது. இரண்டு செடி வீணாயிற்று. கடைசியில் தராசுத் தம்பி மருந்துப்பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, அவள் கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்து ஒட்டினான். அக்கா நான்கு விரலால் சிரிஞ்சைப் பிடித்து அழுத்தினாள். பிளாஸ்திரிக்குள் விரல் துடித்தது. "ஒண்ணும் இல்லடா, முடிஞ்சு போச்சு," என்றாள்.

"மேடம், அக்கா வாயால சொல்றாங்க. அது கணக்குல வருமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாய்க்கு இன்னும் சோதனை வெக்கல," என்றார் மேடம், தலை நிமிராமல்.

சிரிப்பு அடங்கியது. பிளாஸ்திரியைப் பிரித்தாள். இப்போது தேய்க்க வேண்டிய பாதி. இலையைத் திருப்பினாள், அழுத்தினாள், கருமை பரவிற்று, சிரிஞ்சை எடுத்தாள். சுற்றிலும் எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள்.

இத்தனை வருஷமும் யாரும் சொல்லாமலே போன விரல், இன்று போ என்று சொன்னபோது போகவில்லை. நனைந்த இடத்துக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு குனிந்தாள். இலைக்கு மட்டும் கேட்கிற குரலில், "கொஞ்சம் வலிக்கும்டா," என்று சொல்லிவிட்டு, தேய்த்தாள்.